கலப்பும் கலப்படமும்

பன்னிமலைத் தோட்டத்தில் எண்ணெய்க் கலப்புக் கழகம் ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. சிரித்தவர்களில் பலருக்கு அன்றைக்கே பல் போயிற்று.

வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போய், ஜப்பான்காரன் வந்து, தோட்டத்துக் கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்த பிறகு, பெரட்டு கும்மிருட்டில்தான் நடந்தது. வேலைக்குப் போகுமுன் ஆள் எண்ணுவதற்காக எல்லோரும் வரிசையில் நிற்பதுதான் பெரட்டு. சூரியன் இன்னும் புது நேரத்துக்குப் பழகவில்லை, சீக்கிரம் பழகிவிடும் என்று கிராணி அமிர்தலிங்கம் விளக்கம் சொல்லியிருந்தார். கிராணி முன்பு துரைக்குக் கணக்கெழுதியவர். துரை போன கையோடு சிரம்பானில் ஜப்பான் மொழி வகுப்பில் சேர்ந்து, பாதியில் திரும்பி வந்து, மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டார். தெரியாத பாதியைச் சொந்தச் சரக்காகச் சேர்த்துக்கொள்வார்.

அன்றைய பெரட்டில் கேப்டன் ஹிராயாமா பேசினார். ஆசியாவின் லாரிகள் வெள்ளைக்காரன் பெட்ரோலுக்கு வாய் பிளந்து நிற்பது அவமானம். போர்டிக்சன் கரையில் சுமத்ராவின் கச்சா எண்ணெய் இரும்புப் பீப்பாய்களில், தோம்பு தோம்பாக இறங்கியிருக்கிறது. தோட்டத்தில் கித்தா என்கிற ரப்பர் மரம் இருக்கிறது. அதன் ஒட்டுப்பாலைக் காய்ச்சினால் எண்ணெய் விடும். தென்னை இருக்கிறது, செம்பனை இருக்கிறது. எல்லாவற்றையும் முறையாகக் கலந்தால் பெட்ரோலே தோற்றுப் போகும். கலக்கத் தெரிந்த ஒருவன் வேண்டும்.

"கலக்கத் தெரிஞ்சவன் யாரு? முன்னால வா," என்று கிராணி அதைச் சுருக்கினார்.

பின்வரிசையில் ஒரு குரல் மெதுவாகச் சொன்னது: "கலக்குறதுன்னா நம்ம சன்னாசிலா. குடிக்கிறவனுக்கே தெரியாது."

சன்னாசி தோட்டத்துக் கள்ளுக்கடையில் கள் ஊற்றிக் கொடுத்தவன். அந்தக் கள்ளில் பாதி தண்ணீர் என்பது பக்கத்து லாபு தோட்டம் வரைக்கும் தெரிந்த செய்தி. வரிசை முழுக்கச் சிரித்தது. சன்னாசியின் மைத்துனன் மணியம்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான்.

தனக்குப் புரியாத சிரிப்பு கேப்டனுக்கு ஆகாது. என்ன விஷயம் என்று கேட்டார். கேலி என்பதற்கான ஜப்பான் சொல் கிராணி போகாத பாதி வகுப்பில் இருந்தது. ஆகவே, இந்த ஆள் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கலப்பதில் பேர் போனவன், அதனால் ஜனங்கள் பெருமைப்படுகிறார்கள் என்று சொல்லிவைத்தார்.

உத்தரவில்லாமல் பெருமைப்பட்டவர்களைச் சிப்பாய்கள் துப்பாக்கிக் கட்டையால் வாயிலேயே குத்தினார்கள். மணியத்துக்கு முன்பல் போயிற்று. இப்படி ஒருவன் இருப்பதை இவ்வளவு நாள் சொல்லாததற்குக் கிராணிக்கு ஓர் அறை. கடைசியில் கேப்டன் சன்னாசியின் முன் வந்து நின்று, "பாக்கெரோ" என்று ஜப்பானில் ஏசி அறைந்தார். சன்னாசி விழுந்தான். எழுந்தான். மறுபடி விழ வேண்டுமா என்று தெரியாமல் நின்றான்.

"தலைமைக் கலப்பரா ஒன்னைய எடுத்துக்கிட்டாங்க," என்றார் கிராணி, தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே. "குனிஞ்சு கும்புடு."

உள்ளபடிக்குச் சன்னாசிக்குக் கலக்கத் தெரியாது. தோப்பிலிருந்து இறங்கும் கள் முதலில் கிராணி வீட்டுப் பின்கட்டில் சற்று இளைப்பாறும். கடைக்கு வரும்போது பெருகியிருக்கும். சன்னாசி அதை ஊற்றிக் கொடுப்பான், குடித்தவர்களிடம் ஏச்சு வாங்குவான். அவனுடைய உத்தியோகம் அவ்வளவுதான். இதைக் கேப்டனிடம் சொல்லலாம். சொன்னால் மொழிபெயர்க்க வேண்டியவர் கிராணி.

கள்ளுக்கடையே கழகத்தின் அலுவலகம் ஆயிற்று. திறப்பு விழாவில் கிராணி ஒரு பேருரை செய்தார். கழகச் செயலாளர் என்ற முறையில் அவருக்கு ஒரு கைப்பட்டை கொடுத்திருந்தார்கள். அதை நெஞ்சுக்கு நேரே தெரியும்படி கையை மடக்கிக்கொண்டே பேசினார்.

"கலப்பு வேற, கலப்படம் வேற. நல்லா காதுல வாங்கிக்குங்க. கழகம் சொல்லிக் கலந்தா அது கலப்பு. நீங்களாக் கலந்தா கலப்படம். கலப்புக்கு அரிசி குடுப்பாங்க. கலப்படத்துக்குத் தலைய எடுப்பாங்க. ரெண்டும் அதே தோம்புல, அதே கம்புலதான் நடக்கும். அதனால யாரும் கொழப்பிக்கப்படாது."

யாரும் குழப்பிக்கொள்ளாமலிருக்க எல்லோரையும் சுவா முச்சந்திக்கு நடத்திப் போய் ஒரு மாதிரி காட்டினார்கள். மூங்கில் முனையில் ஒரு சீனக் கடைக்காரரின் தலை இருந்தது. மண்ணெண்ணெயில் தேங்காயெண்ணெய் சேர்த்து விளக்குக்கு விற்றாராம். வாய் திறந்திருந்தது, ஈ போய் வந்துகொண்டிருந்தது. தோட்டத்தார் வரிசையாக நின்று தலைக்கும், தலைக்குக் காவல் நின்ற சிப்பாய்க்கும் குனிந்துவிட்டுத் திரும்பினார்கள்.

திரும்பி வந்ததும் கழகத்தின் முதல் உத்தரவு வந்தது. கச்சா எண்ணெயில் மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலக்க வேண்டும்.

"கிராணியாரே," என்றான் சன்னாசி. "அந்தத் தவுக்கே செஞ்சதும் இதானுங்களே?"

"அந்தாளு கழகத்துல உறுப்பினர் இல்ல," என்றார் கிராணி.

முதலில் கையாண்டது சுழற்சி முறை. தோம்பைச் சுற்றி ஆட்கள் நின்று மூங்கிலால் சுழற்றுவது. ஆனால் மூங்கில் வட்டமாகப் போகும்போது பாதி வட்டம் கிழக்கே போகிறது, பாதி வட்டம் மேற்கே போகிறது என்பதைக் கேப்டன் கண்டுபிடித்தார். கிழக்கே சக்கரவர்த்தி இருக்கிறார். அவருக்கு எதிர்த்திசையில் எண்ணெயைத் தள்ளுவது எப்படி என்று கேட்டு, அகப்பட்ட முதுகையெல்லாம் மூங்கிலாலேயே அடித்தார். அதன்பிறகு கிழக்கு நோக்கி ஒரே ஒரு தள்ளு, மூங்கிலைத் தூக்கு, மறுபடி ஒரு தள்ளு என்று வகுத்தார்கள். எண்ணெய் கலக்கவில்லை. கச்சா எண்ணெய் கறுப்பாக அடியிலேயே படுத்துக்கொண்டது. அதற்கும் அடித்தார்கள்.

அடுத்தது வரிசை முறை. வெள்ளைக்காரன் விட்டுப்போன புத்தகம் ஒன்றில், எண்ணெய்களைத் தனித்தனிக் குழாயில் விட்டு ஓட்டத்திலேயே ஒன்றாக்குவது பற்றி எழுதியிருந்தது. படத்தில் குழாய்கள் வரிசையாக இருந்தன. தோட்டத்துக் குழாய்களை ராணுவம் ஏற்கெனவே பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. குழாய்தான் இல்லை, வரிசைக்கு என்ன குறைச்சல் என்றார் கேப்டன். ஆண்களும் பெண்களும் வாளியோடு நின்றார்கள். ஒருவரிடம் கச்சா எண்ணெய், அடுத்தவரிடம் கொதிக்கக் கொதிக்கக் கித்தா எண்ணெய், அதற்கடுத்தவரிடம் தேங்காயெண்ணெய். விசில் ஊதியதும் ஓட வேண்டும். ஓட்டத்தை நிறுத்தாமல் தொட்டியில் ஊற்ற வேண்டும். இரண்டு பக்கமும் துப்பாக்கிமுனைக் கத்தியோடு சிப்பாய்கள்.

சிந்திய எண்ணெயில் முதல் ஆள் வழுக்கினான். பின்னால் வந்தவர்கள் அவன்மேல் விழுந்தார்கள். கொதித்த எண்ணெய் பாதத்தில் கொட்டி, சன்னாசியின் மனைவி பஞ்சாலைக்குத் தோல் துணி மாதிரி உரிந்து வந்தது. விழுந்தவர்களைச் சிப்பாய்கள் கத்திமுனையால் எழுப்பினார்கள். எழுந்தவர்கள் ஓடினார்கள். எழாத ஒருவனைக் காலைப் பிடித்து இழுத்து ஓரம் போட்டார்கள். குழாயில் அடைப்பு என்றால் நீக்கத்தானே வேண்டும் என்று கிராணி விளக்கினார். கடைசியில் கேப்டன் தொட்டியில் விரலை விட்டுப் பார்த்தார். நிறம் நன்றாகச் சிவந்து வந்திருக்கிறது, செம்பனை எண்ணெயின் குணம் என்றார். அன்றைக்குச் செம்பனை எண்ணெய் இன்னும் வந்து சேரவில்லை.

பிறகு தீப்பிடிப்புச் சோதனை. எண்ணெய் எந்தச் சூட்டில் நெருப்பைப் பிடிக்கிறது என்று பார்ப்பது அது. சூடு பார்க்கும் கருவி இல்லாததால் ராமசாமியை வைத்துக்கொண்டார்கள். ராமசாமி ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைக்கூண்டில் வேலை செய்தவன், சூடு பழகியவன். கலவை நிறைந்த சிரட்டையைத் தணலுக்கு மேல் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவன் பந்தத்தைக் கொண்டுவருவான். பொறுக்க முடியாதபோது ராமசாமி குரல் கொடுக்க வேண்டும், அதுதான் அளவு. கீழே போட்டால் நாசவேலை. ராமசாமி பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தான். அவன் குரல் கொடுக்கும் முன் எண்ணெய் பற்றிக்கொண்டது. நெருப்போடு கித்தா மரங்களுக்குள் ஓடினான். மரம் பற்றினால் ராணுவத்துக்கு நட்டம் என்று ஒரு சிப்பாய் அவனைச் சுட்டு நிறுத்தினான்.

கேப்டன் இரங்கல் உரை நிகழ்த்தினார். மற்ற நாடுகளில் மனிதர்கள் சாகிறார்கள், ஆசியாவில் அவர்கள் உறுதிப்படுத்துகிறார்கள் என்றார். "ராமசாமி சாகல. உறுதிப்படுத்திட்டான். தீப்பிடிப்பு திருப்தி," என்று கிராணி சொல்லி முடித்தார். ராமசாமியின் மனைவிக்கு அரை போத்தல் கலவையும், அதை விளக்கில் ஊற்றினால் கலப்படமாகிவிடும் என்ற எச்சரிக்கையும் வழங்கப்பட்டன.

ஒரு போத்தல் சிரம்பானுக்கும் போயிற்று. கலவை முதல்தரம் என்று அங்கிருந்து பாராட்டு வந்தது. அன்றிலிருந்து அதைக் குறை சொல்வது சக்கரவர்த்தியைக் குறை சொல்வது ஆகும்.

முதல்தரக் கலவை எதற்கு என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். தோட்டத்து இளவட்டங்களைப் பொறுக்கி எடுத்துக் கொட்டகையில் அடைத்தார்கள். அவர்களில் மணியம் ஒருவன். முன்பு சுவாவிலிருந்தும் லாபுவிலிருந்தும் சயாம் போனவர்களில் ஒருவனும் திரும்பவில்லை. இவர்களைச் சிரம்பான் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக லாரியும் வந்துவிட்டது. போர்டிக்சனில் கருவாடு ஏற்றிக்கொண்டிருந்த ஹாஜா மைதீனின் லாரி. பிடுங்கும்போது அவரையும் சேர்த்தே பிடுங்கியிருந்தார்கள். சன்னாசியின் கலவையைக் குடித்துவிட்டு அது பன்னிமலை ஏற்றத்தைத் தாண்ட வேண்டும். தாண்டினால் மணியம் போய்விடுவான். தாண்டாவிட்டால் தலைமைக் கலப்பரின் தலை போகும்.

பட்டப்பகலில் பஞ்சாலை குடத்தோடு தொட்டிக்கு வந்தாள். வேலையாட்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவருவது அவள் பொறுப்பு. காவல் சிப்பாய்க்குக் குனிந்து, நொண்டிக்கொண்டே சன்னாசியின் அருகில் வந்து நின்றாள்.

"கள்ளுல ஊத்துனீங்கள்ல. இதுல ஊத்துனா என்னா?"

"நான் எங்க புள்ள ஊத்துனேன். அது கிராணி வூட்டுலேருந்து அப்புடித்தான் வரும்."

"அப்ப இத்தன வருசம் ஏச்சு மட்டும் வாங்குனீங்களா?"

சுவா முச்சந்தியில் திறந்திருந்த வாய்தான் சன்னாசியின் கண்ணில் நின்றது. இது கலப்படம், கழகம் சொல்லாத கலப்படம் என்று முனகினான்.

"தம்பி வாயில பல்லு இல்லாம கஞ்சி குடிக்கிறான். அங்க போயி கல்லு ஒடைக்கச் சொன்னா ஒடைப்பானா? நீங்க ஒதுங்குங்க. நானே ஊத்துறேன்."

குடத்தைச் சரித்துவிட்டாள். அவள் கை நடுங்கவில்லை. அதுதான் சன்னாசிக்குப் பயமாக இருந்தது. குடத்தின் கழுத்தைப் பிடித்து வாங்கிக்கொண்டான்.

"குடு. ஊத்துறது என் வேல."

தண்ணீர் சத்தமில்லாமல் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மேலே எண்ணெய் பளபளவென்று இருந்தது. கேப்டன் வந்து மேலாக ஒரு கரண்டி மொண்டு கொளுத்திப் பார்த்து, திருப்தி என்றார். பிறகு தொட்டியின் அடியிலிருந்த அடைப்பைத் திறந்து லாரிக்கு நிரப்பினார்கள்.

பையன்களை ஏற்றினார்கள். தலைமைக் கலப்பர் மாற்று எண்ணெய்த் தகரத்தோடு பின்னால் ஏறிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. மணியம் எதிரே உட்கார்ந்திருந்தான். "நல்லாத்தான் கலந்தியா மாமா?" என்று பொக்கை வாயால் கேட்டான். கேலியா, பயமா என்று தெரியவில்லை.

இஞ்சின் குழாயில் மிச்சமிருந்த பழைய பெட்ரோலில் லாரி உறுமிப் புறப்பட்டது. முன்னால் காரில் கேப்டனும் கிராணியும். பாதி ஏற்றத்தில் லாரி இருமியது. கரும்புகை விட்டது. குலுங்கி, ஒரு விக்கல் விக்கி, நின்றுவிட்டது.

எல்லோரையும் இறக்கிச் சாலையோரம் வரிசையாக நிறுத்தினார்கள். சன்னாசி தன் கழுத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டான். கேப்டன் வாளின் பிடியில் கை வைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்று ஹாஜா மைதீனைக் கேட்டார்.

ஹாஜா மைதீன் டேங்கின் அடித் திருகைக் கழற்றி உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்திருந்தார். முகர்ந்தும் பார்த்துவிட்டார். "இது எண்ணெயில்ல, தண்…" என்று ஆரம்பித்தார்.

கிராணிக்கு முகம் வெளுத்தது. இத்தனை நாளும் கழகத்துக்கு வந்த தேங்காயெண்ணெய் முதலில் அவர் வீட்டுப் பின்கட்டில் இளைப்பாறிவிட்டுத்தான் தொட்டிக்கு வந்துகொண்டிருந்தது. பழைய பழக்கம். இது தன் தண்ணீர் என்றே அவர் நினைத்தார். பாய் சொல்லி முடிக்குமுன் கேப்டனிடம் வேகமாக ஏதோ சொன்னார். பிறகு தமிழில் சொன்னார்:

"பாய், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கலவை முதல்தரம்னு சிரம்பான்லயே சொல்லியாச்சு. அதைக் குறை சொன்னா யாரைக் குறை சொன்னதுன்னு தெரியும்ல. லாரிலதான கோளாறு?"

ஹாஜா மைதீன் கிராணியைப் பார்த்தார். சன்னாசியைப் பார்த்தார். உள்ளங்கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

"லாரிதாங்க. இங்கிலீஷ்காரன் செஞ்ச லாரி. அப்பவே அதுக்குத் திமிரு."

ஆகவே லாரியின்மேல் விசாரணை நடந்தது. பிறந்த ஊர் இங்கிலாந்து. கருவாடு சுமக்கும்போது எந்த ஏற்றத்திலும் நிற்காத லாரி, சக்கரவர்த்தியின் பணிக்கு வந்ததும் நிற்கிறது. ஆசிய எண்ணெயை விழுங்க மறுத்திருக்கிறது. குற்றம் மறுக்கிறாயா என்று கேப்டன் கேட்டார். கிராணி அதை லாரியிடம் தமிழில் கேட்டார். லாரி ஒன்றும் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டது என்று முடிவாயிற்று. கேப்டன் அதன் முன்விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக வாளால் குத்தினார். சிப்பாய்கள் கட்டையால் அதன் மூக்கை நெளித்தார்கள். ஹாஜா மைதீன் திரும்பி நின்று அழுதார். லாரிக்காக அழுவது குற்றமா என்று யாருக்கும் தெரியாததால் அவரையும் இரண்டு அடி அடித்தார்கள்.

கைதிகளின் வாயில் வயிறு உப்பும்வரை தண்ணீர் ஊற்றி உண்மை கேட்பது ராணுவப் போலீஸின் வழக்கம். கேப்டன் லாரியின் மூக்கு மூடியைத் திறக்கச் சொன்னார். இஞ்சின் கொதித்துக்கொண்டு ஆவி விட்டது. விழுங்க மறுத்ததை அதன் வாயிலேயே ஊற்று என்று சன்னாசிக்கு உத்தரவு.

சன்னாசி தகரத்தைத் தூக்கினான். தகரம் அவன் முழங்காலில் மோதிக் கடகடவென்று ஆடியது.

"ஊத்தக்கூடவா தெரியாது?" என்றார் கிராணி.

கேப்டன் சன்னாசியை அறைந்து தள்ளிவிட்டு, தகரத்தைப் பிடுங்கித் தாமே ஊற்றினார். அது தொட்டியின் மேலாக மொண்ட சுத்தமான கலவை. கொதித்த இரும்பில் பட்டதும் வெள்ளைப் புகை எழுந்தது. அடுத்தது ஒரே ஒரு 'பொக்'. லாரியும் கேப்டனும் ஒன்றாகப் பற்றிக்கொண்டார்கள். கேப்டன் கித்தா மரங்களை நோக்கி ஓடினார். சுட்டு நிறுத்த வேண்டுமா என்று கேட்கச் சிப்பாய்களுக்கு வேறு அதிகாரி இல்லை. அவர் தானாகவே நிற்கும்வரை காத்திருந்தார்கள். டேங்க் வெடித்ததில் வரிசை சிதறியது. மறுபடி வரிசை கட்டியபோது மணியம் அதில் இல்லை.

புது அதிகாரி வந்தார். கழகம் கூடி ஆராய்ந்து அறிக்கை சொன்னது: கேப்டன் ஹிராயாமா சாகவில்லை, உறுதிப்படுத்தினார். தீப்பிடிப்பு திருப்தி. புருவம் கருகிய கிராணி அதைப் பெரட்டில் கம்பீரமாகச் சொன்னார். கழகத்தின் வெற்றி கருதி இனி பையன்கள் சிரம்பானுக்கு நடந்தே போவார்கள் என்றும், நடைக்கு எண்ணெய் தேவையில்லை என்பது கழகத்தின் புதிய கண்டுபிடிப்பு என்றும் சொன்னார். பிறகு மணியத்தின் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தார். தன் பின்கட்டுத் தண்ணீர் பற்றி ஏதாவது தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆளான சன்னாசியையும் பார்த்தார்.

"சயாமுக்கு ஒரு ஆளு வேணுமாம். கலக்கத் தெரிஞ்சவன் யாரு?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தங்கள் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிராணியின் விரல் மட்டும் நீண்டது.

"எனக்குக் கலக்கத் தெரியாதுங்க," என்றான் சன்னாசி. "ஊத்தத்தான் தெரியும். கலந்தது யாருன்னு கிராணியாருக்கே தெரியும்."

கிராணி அதை மொழிபெயர்த்தார். புது அதிகாரி தலையசைத்து, "பாக்கெரோ" என்று அறைந்தார். விழுந்து எழும்போதே தன்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று சன்னாசிக்குப் புரிந்துவிட்டது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

புறப்படும்போது பஞ்சாலை வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைத் துணியில் முடிந்து கொண்டுவந்தாள். அவன் கையில் திணித்துவிட்டுக் குனிந்து காதருகே சொன்னாள்: "காட்டோரம் வச்ச கெழங்கத் தம்பி எடுத்துக்கிட்டான். தோலை மட்டும் போட்டுட்டுப் போயிருக்கான்."

பன்னிமலை ஏற்றத்தில் லாரியின் எலும்புக்கூடு நின்றது. அதைச் சுற்றி வெள்ளைக்கயிறு கட்டி, ஆசியாவின் எண்ணெயால் எரிந்த முதல் லாரி என்று பலகை வைத்திருந்தார்கள். கடந்து போகிறவர்கள் எல்லோரும் நின்று அதற்குக் குனிய வேண்டும். பையன்கள் வரிசையாகக் குனிந்தார்கள்.

ஜப்பான்காரன் வந்த நாளிலிருந்து சன்னாசி கொடிக்குக் குனிந்திருக்கிறான், காருக்குக் குனிந்திருக்கிறான், வெட்டிய தலைக்கும் குனிந்திருக்கிறான். இப்போது லாரியைப் பார்த்தான். அதன் பின்னாலிருந்த புதர் மண்டிய காட்டைப் பார்த்தான். கைகூப்பி, நெற்றி முழங்காலைத் தொடுமளவுக்கு, மனதாரக் குனிந்தான். வெகுநேரம் நிமிரவில்லை.

அவ்வளவு குனிய உத்தரவில்லை என்று காவல் சிப்பாய் அவனை அறைந்தான்.